ஏறாத ஏணி

ஏப்ரல் 21

தங்கைக்கு,

நீ இதைப் படிக்கும்போது அக்கரை சேர்ந்திருப்பாய். அந்தத் துறைமுக அலுவலகத்தின் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். பாய்மரப் படகில் வருகிறவர்களின் தபாலை அங்கே எடுத்து வைத்துக் கொடுப்பார்கள் என்று நீதான் சொன்னாய். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்கிற பழக்கம் உனக்கு இல்லை.

காலையில் நீங்கள் மூவரும் மருந்துக்கடைக்கு வந்தபோது நான் தலை நிமிரவில்லை. ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு தடவை சொன்னால் போதும். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவரே, "புரிஞ்சிடுச்சும்மா, உங்களுக்கு ஏதோ ஆள் வந்திருக்காங்க" என்றார். மிளகு கடை மேஜையைச் சுற்றி உள்ளே வந்து என் வெள்ளைக் கோட்டின் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் நிற்பாளே, அதே மாதிரி. பதினாலு வயதாகியும் என் தோளுக்குத்தான் வருகிறாள். ஆள் சின்னது, காரம் பெரிது என்று நான் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பெரியம்மா, போயிட்டு வரேன்" என்றாள்.

"கை கழுவினியா?" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆறு வயதில் அவளை என்னிடம் விட்டாய். "ரெண்டு மாசம்தான் அக்கா" என்றாய். யாரோ வசதியானவர்களின் படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய் விடுகிற வேலை, கணவனும் மனைவியுமாக. அந்த இரண்டு மாதம் எட்டு வருடமாக நீண்டது. பால்பல் விழுந்ததும், அம்மை போட்டதும், வகுத்தல் கணக்குக்கு அழுததும் எல்லாம் என் வீட்டில். நீ நடுவில் வருவாய். பொம்மை கொண்டுவருவாய். அது எப்போதும் அவள் வயதுக்கு ஒரு வருடம் பிந்தியதாக இருக்கும்.

இப்போது உங்களுக்குச் சொந்தப் படகு. அக்கரையில் ஒரு படகுப் பட்டறையில் உன் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை. ஆகவே மகள் வேண்டும். பெற்றவள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் விமானத்தில் கூட்டிப் போயிருக்கலாம். "மூணு பேரும் சேந்து ஒரு தடவை கடலைத் தாண்டணும் அக்கா, அப்பதான் குடும்பமாவோம்" என்றாய். குடும்பம் ஆவதற்குக் கடலை எதற்குத் தாண்ட வேண்டும்? நானும் அவளும் ஒரு தெருவைக்கூடத் தாண்டாமல் ஆகிவிட்டோம்.

மருந்துப் பெட்டியை அவளிடம்தான் கொடுத்தேன், உன்னிடம் இல்லை. பச்சை மூடி வாந்திக்கு. சிவப்பு மூடி பெரிய வலிக்கு மட்டும். உன் வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றால் தண்ணீர் குடிக்கச் சொல்.

அக்கா


கடலில், ஏப்ரல் 27

அக்கா,

கரை சேர்ந்த பிறகுதான் இதைத் தபாலில் போட முடியும். அதுவரை எழுதி எழுதி டிராயரில் போட்டு வைக்கப் போகிறேன். நீ படிக்கும்போது எல்லாம் பழங்கதையாகியிருக்கும், ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருந்தால் எனக்கு எதுவும் நடந்த மாதிரியே இருக்காது, அது சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் வாந்தி. எனக்கில்லை. எத்தனையோ கடல் பார்த்த இவர்தான் முதலில் சாய்ந்தார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. மிளகு பச்சை மூடியைத் திறந்து தானும் ஒன்று போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "வெறும் வயித்துல போடக்கூடாது. ஒரு பிஸ்கட் சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள். குரல் அப்படியே உன் குரல். அவர் எழுந்து உட்கார்ந்து, சொன்னபடி செய்தார். உன்னிடம்கூட அவர் இவ்வளவு பணிந்து நான் பார்த்ததில்லை.

நீ தொட்டி என்று சொல்கிற எங்கள் படகு நன்றாகவே ஓடுகிறது. உள்ளே இருப்பது ஒரே அறை, இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சமையல் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும். படகு சாயும்போது அது மட்டும் நிமிர்ந்து நிற்கும். கரண்டி முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறோம். கட்டாமல் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான், மேலே வந்தால் எங்களையும் இடுப்பில் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவள் என்னிடம் மரியாதையாக இருக்கிறாள். டீ கொடுத்தால் "தேங்க்ஸ்" என்கிறாள். பெற்ற மகள் தேங்க்ஸ் சொன்னால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை, உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கையை உள்ளே மடித்து, காலரை மேலே வைத்து, நீ மடிக்கிற மாதிரி. டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிட்டாள். படகு பாதி மருந்துக்கடை ஆகிவிட்டது.

சுக்கான் பிடிக்க அவளுக்கு அப்பாதான் கற்றுக்கொடுக்கிறார். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். நேற்று சுக்கானைப் பிடித்தபடியே கேட்டாள்:

"இங்க தரை எவ்வளவு கீழ இருக்கும்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"அப்ப நீச்சல் தெரிஞ்சாலும் ஒண்ணுதான், தெரியாட்டாலும் ஒண்ணுதான்."

"கிட்டத்தட்ட."

"சரி" என்று சொல்லிவிட்டுப் பாயைப் பார்க்கத் தொடங்கினாள்.

கிளம்பிய அன்று காலையில் உன் கடையில் நடந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். படகு ஆடுகிறது, கையெழுத்து சரியாக வரவில்லை என்று வைத்துக்கொள்.

தங்கை


மே 6

தங்கைக்கு,

இன்று காலை கப்பல் கம்பெனி அலுவலகத்திலிருந்து கடைக்கு ஃபோன் வந்தது. ஒரு சரக்குக் கப்பல் நடுக்கடலில் ஒரு பாய்மரப் படகிலிருந்து கால் முறிந்த ஓர் ஆளை ஏற்றியிருக்கிறது, அவர் கொடுத்தது உங்கள் எண், கப்பல் இந்த ஊருக்குத்தான் வருகிறது என்றார்கள்.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு படகுலயே இருக்காங்க மேடம். ஒரு லேடியும், சின்னப் பொண்ணும். கேப்டன் கூப்பிட்டிருக்காரு. அவங்க வரலைன்னுட்டாங்க."

"வரலைன்னா? ஏறவே முடியாம இல்லையே?"

"ஏணி இறக்கியிருக்காங்க மேடம்."

அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் பேசினார். நான்தான் ரிசீவரை வைத்துவிட்டு, எதிரே நின்ற பெண்ணுக்கு வேறு யாரோ ஒருவரின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் தெருமுனை வரை போய்விட்டாள். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி மாற்றிக் கொடுத்தேன். இந்தக் கடையில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

ஏணி இறக்கியிருக்கிறார்கள். அதைத் தவிர நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஓர் ஏணி, மேலே பெரிய கப்பல், அதில் டாக்டர், படுக்கை, சூடான சாப்பாடு. கீழே நீயும் அந்தத் தொட்டியும். ஏன் அவளை ஏற்றவில்லை? உனக்குப் படகு வேண்டுமென்றால் நீ இருந்துகொள். அவளை ஏன் உன்னோடு வைத்துக்கொண்டாய்? எட்டு வருடம் அவள் இல்லாமல் இருக்கத் தெரிந்தவளுக்கு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கத் தெரியாதா?

இதை நீ படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் உனக்கு எழுதியதிலேயே கடுமையான கடிதம் இது. நீ இதைப் படிக்க வேண்டும்.

அக்கா


கடலில், மே 7

அக்கா,

இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். கப்பல் உன் ஊருக்குப் போகிறது என்று கேப்டன் சொன்னபோது இவர் அந்த வலியிலும் சிரித்தார். "போச்சு. உங்கக்கா கையில சாகணும்னு எழுதியிருக்கு" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். பாயின் அடியில் குறுக்கே ஒரு நீளக் கட்டை இருக்கும். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அது திடீரென்று மறுபக்கம் வீசிவிடாமல் கயிற்றால் இழுத்துக் கட்டி வைப்போம். மூன்று நாளைக்கு முன் மத்தியானம் அந்தக் கயிறு அறுந்தது. புதுக் கயிறு. யாரும் ஒன்றும் தவறு செய்யவில்லை. கட்டை வீசி வந்து இவரை இடுப்பில் அடித்துத் தூக்கிப் போட்டது. கயிறு சுற்றுகிற இரும்பு உருளை மேல் போய் விழுந்தார். பார்த்தபோது கால் அது இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

மிளகு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "சிவப்பு மூடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். படுக்கைப் பலகையைக் கழற்றி, போர்வையைக் கிழித்துக் காலைக் கட்டினோம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில்தான் கப்பல் வந்தது.

அக்கா, கரையிலிருந்து கப்பலைப் பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியாது. ஆறேழு மாடிக் கட்டடம் ஒன்று நம்மை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருந்தது. அது நின்றாலும் அலை நிற்பதில்லை. மேலேயிருந்து கயிற்றில் ஒரு ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். இவரை வைத்துக் கட்டி அனுப்பினோம். போகிற வழியில் அது சுற்றிச் சுற்றிப் போய்க் கப்பலின் பக்கத்தில் ஒரு தடவை மோதியது. அவர் கத்தியது இன்னும் கேட்கிறது. அதற்குள் எங்கள் பாய்மரத்தின் நுனி கப்பலில் உரசி ஆண்டெனா முறிந்தது. வயர்லெஸ் அதோடு போயிற்று.

பிறகு கயிற்று ஏணியை இறக்கினார்கள். படகை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஏறி வாருங்கள் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். ஏணியின் கடைசிப் படி ஒரு நிமிடம் எங்கள் தளத்தில் கிடக்கும். அடுத்த நிமிடம் இரண்டு ஆள் உயரத்துக்குப் போகும். திரும்பி வரும்போது எங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும். அந்த இடைவெளி திறக்கும், மூடும். மூடும்போது படகின் ஓரக் கம்பி வளைந்ததை நான் பார்த்தேன். மிளகு லைஃப் ஜாக்கெட்டோடு என் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஏறணுமாம்மா?"

"வேணாம்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவளே போய்ப் படகைக் கப்பலோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். படகு மேல் ஆசைப்பட்டு இருக்கவில்லை. படகு போனால் போகட்டும். ஆனால் அதில் ஓட்டை இல்லை, பாதிக் கடலுக்கு மேல் கடந்தாயிற்று, காற்று போகிற திசைக்கே அடிக்கிறது. இந்தப் பயணம் எனக்குத் தெரிந்த வேலை. அந்த ஏணி எனக்குத் தெரியாத வேலை. அவள் உயிரைத் தெரிந்ததன் மேல் வைத்தேன். அவளைக் கேட்டு முடிவு செய்யவில்லை. முடிவு என்னுடையது. அது தப்பாகப் போனால், அதுவும் என்னுடையது.

இப்போது ஒருத்தி சுக்கானில், ஒருத்தி படுக்கையில். அவள் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறாள். தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது.

தங்கை


மே 15

தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் என் வீட்டில் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்தது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மிளகின் அறையில்தான் படுக்கை. கட்டில் அவருக்குப் போதாது, பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அந்தப் பாதத்தை இடித்துக்கொண்டுதான் ஜன்னலைத் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "ஸாரி அக்கா" என்கிறார். என் வீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை ஸாரி சொல்லப்பட்டதே இல்லை.

முதல் இரண்டு நாள் அவரிடம் மருந்தைத் தவிர வேறு பேசவில்லை. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, வலித்தால் மட்டும் இது. மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

"ஏணி இறக்கினாங்களாமே?"

"இறக்கினாங்க அக்கா. நான் மேல இருந்து கத்தினேன், ஏறி வாங்க, ஏறி வாங்கன்னு. அவ காதுல விழல. விழுந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டா."

"நீங்க கீழ இருந்திருந்தா?"

"பாப்பாவை ஏத்தி விட்டிருப்பேன்" என்றார். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள், "தப்பு பண்ணியிருப்பேன் அக்கா" என்றார். "அந்த ஏணியைப் பாத்தவங்களுக்குத் தெரியும். என்னைத் தூக்கும்போது கப்பல்காரங்களே ரெண்டு பேரு கண்ணை மூடிக்கிட்டாங்க."

மேலே தூக்கிய பிறகு டாக்டர் ஊசி போடும்வரை அவர் கம்பி வழியாகக் கீழே பார்த்தாராம். மிளகு சுக்கானைப் பிடித்திருந்தாளாம். "மேல பாக்கவே இல்ல அக்கா. அவ அப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்க, அவ பாயை மட்டும் பாக்கறா. அப்ப அதைத்தான் பாக்கணும். நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஜன்னலை மூடிவிட்டு வந்தேன்.

யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே காலி அறையில் இவர் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்.

நீங்கள் இருக்கக்கூடிய இடத்துக்கு மேலே காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நகர்வதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. அவர் சத்தமாகப் படிக்கிறார். நான் சமையலறையில் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன். படுக்கை விரிப்பில் விரலால் கோடு போட்டு, "இந்நேரம் இங்க இருப்பாங்க. தாழ்வு இப்படிப் போகும். இவங்க இப்படி ஒதுங்கிடுவாங்க" என்கிறார். மறுநாள் அதே விரல், வேறு கோடு.

கடையை மூடிவிட்டுத் தினமும் இந்த ஊர்த் துறைமுக அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு குமாஸ்தா இருக்கிறார், மேஜையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க். என்னைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டிவிடுவார், இல்லை என்று. நேற்று தயங்கித் தயங்கி, "இன்னும் கொஞ்ச நாள் தகவல் இல்லைன்னா, காணலைன்னு பதிவு பண்ணணும்மா. அது ஒரு நடைமுறை, அவ்வளவுதான்" என்றார்.

"பண்ணாதீங்க" என்றேன்.

"எப்ப பண்ணச் சொல்றீங்க?"

"நான் வந்து சொல்றேன்."

அவர் சரியென்று ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். உட்கார்ந்து குடித்தேன். வெளியே சாதாரணமாகத்தான் இருந்தது கடல்.

அக்கா


மே 25

அக்கா,

கரை சேர்ந்ததும் ஃபோனில் நாம் பேசியது ஒரு பேச்சா? நீ "கை கால் எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாய், நான் "இருக்கு" என்றேன், அதற்குள் உன் கையிலிருந்து இவர் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் லைன் போய்விட்டது. சொல்ல வேண்டியதை எழுதித்தான் சொல்ல வருகிறது எனக்கு.

துறைமுக அலுவலகத்தில் உன் மூன்று கடிதங்களையும் ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கொடுத்தார்கள். வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். நிலம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கடுமையானதை இரண்டு தடவை படித்தேன். நீ கேட்டதற்கெல்லாம் நான் கடலிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். எட்டு வருடத்தைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தாழ்வு எங்கள் மேலேயே வந்தது. அவர் விரல் போட்ட கோடு தப்பு என்று சொல். விடிகிற நேரம். பெரிய பாயைச் சுருக்குவதற்குள் அது நடுவில் கிழிந்தது. நான் பாய்மரத்தடியில் பாயை இழுத்துப் பிடிக்கிறேன், மிளகு கயிற்றைத் தளர்த்த வேண்டும். கயிறு அவள் கையில் வழுக்கி ஓடிவிட்டது. உள்ளங்கைத் தோல் அப்படியே போயிற்று. அவள் கத்தினாள். "பெரியம்மா!" என்று கத்தினாள். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

காற்று அடங்க மறுநாளாயிற்று. அவளே பெட்டியைத் திறந்து, எந்த மருந்து, எத்தனை சுற்றுத் துணி என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கட்டினேன். அப்புறம் கிழிந்த பாயை மடியில் போட்டுக்கொண்டு தைத்தேன், அவள் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் பேசினோம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை. பேச நேரமே இல்லை. ஒருத்தி எழுந்தால் ஒருத்தி படுக்க வேண்டும். காற்று இந்தப் பக்கம், திசை இது, தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, பிஸ்கட் டப்பாவில் ரெண்டு வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அவள் சுக்கானில் இருக்கும்போது நான் தூங்கினேன் அக்கா. நிஜமாகவே தூங்கினேன். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் நேரத்துக்கு எழுந்து வந்தாள். கடை திறக்க உன்னோடு எழுந்து பழகிய பெண். அது உன் வளர்ப்பு. கடல் நடுவில் எனக்கு உதவியது அதுதான்.

இங்கே பட்டறைக்காரரிடம் போய் இவர் கதையைச் சொன்னேன். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் படகைப் பார்க்க வந்தார். வளைந்த கம்பியைப் பார்த்தார். பாயில் நான் போட்ட தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். "இது யார் தச்சது?" என்றார். பாய் தைக்கிற பிரிவில் எனக்கு வேலை. திங்கட்கிழமை சேர்கிறேன்.

இனி மிளகு. நேற்று படகுத்துறையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். கேட்டேன்.

"பெரியம்மாகிட்ட போறியா?"

"போறேன்" என்றாள். உடனே சொன்னாள். அப்புறம் ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அப்பாவும் அங்கதானே இருக்காரு" என்றாள். எந்தக் காரணம் முதல் காரணம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அதனால் கேட்கவில்லை.

அடுத்த வாரம் விமானத்தில் ஏற்றிவிடுகிறேன். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கிளம்பினோம். இப்போது இரண்டு பேர் உன் கூரைக்குக் கீழே. சிரிக்கிறாயா? சிரித்துக்கொள். நானும் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

தங்கை


ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே முதலில் தெரியவில்லை. காலை அகட்டி வைத்து நடக்கிறாள். நிற்கும்போது எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள். டாக்ஸிக்குக் காத்திருந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அன்பா பழக்கமா என்று தெரியவில்லை. நான் நகரவில்லை.

உள்ளங்கையைப் பார்த்தேன். நன்றாக ஆறியிருக்கிறது. நீ கட்டியது சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பாவிடம் போனாள். கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று நான் சமையலறைக்கு ஒதுங்கினேன். ஐந்து நிமிடத்தில் சண்டைச் சத்தம். அறுந்த கயிற்றை இரட்டையாகப் போட்டிருக்க வேண்டும் என்று அவள், புதுக் கயிற்றுக்கு எதற்கு இரட்டை என்று அவர். என் சாப்பாட்டு மேஜையில் நூலும் கரண்டியும் வைத்துப் படகு செய்து வாதாடுகிறார்கள். ஒரு வார்த்தை எனக்குப் புரிவதில்லை. அவர் ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார். அவள் பக்கத்தில் போகிறாள், தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

பள்ளியில் திரும்பச் சேர்த்தாயிற்று. தலைமை ஆசிரியை, "இனிமே இங்கதானே படிப்பா?" என்று கேட்டார். "இந்த வருஷம் மட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. மிளகு வெளியே வந்து தெருவைக் கடக்கும்போது, "பெரியம்மா, லீவுக்கு நான் வருவேன்ல?" என்று கேட்டாள். "எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்கு?" என்றேன். "அங்கேர்ந்து இங்க" என்றாள். வருடக் கடைசியில் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரையும் அனுப்பிவைக்கிறேன். விமானத்தில்.

அவள் "பெரியம்மா" என்று கத்தியதை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. மேலே பல்லி விழுந்தாலும் அப்படித்தான் கத்துவாள். வாய்க்குப் பழகிய சொல், அவ்வளவுதான். அதை வைத்து நான் ஒன்றும் ஜெயித்துவிடவில்லை.

ஏணியைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை. நீ எழுதியதையும் படித்தேன், அவர் சொன்னதையும் கேட்டேன். நான் அங்கே இல்லை. அங்கே இருந்தவள் நீ.

வேறொன்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று கடையை மூடும்போது அவளிடம் கேட்டேன்.

"அவ்வளவு நாள் ரெண்டு பேரு மட்டும். பயமா இருந்துச்சாடி?"

"இருந்துச்சு பெரியம்மா. ஆனா அம்மாவுக்கு என்னைவிட ஜாஸ்தி."

"அவ சொன்னாளா?"

"அவங்க எங்க சொல்லுவாங்க? பயம் வந்தா பாடுவாங்க. கப்பல் போனதுலேர்ந்து பாடிட்டேதான் இருந்தாங்க. நான் படுத்துக்கிட்டு அதைக் கேட்டுட்டிருப்பேன். பாட்டு சத்தம் குறைஞ்சா காத்து குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்ப தூங்கிடுவேன்."

ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே படுக்கையில் வளர்ந்தவர்கள். விளக்கில்லாத பின்கட்டுக்குப் போகும்போது பாடுவாய். அப்பா கோபமாக வீட்டுக்கு வரும் நாளில் பாடுவாய். பரீட்சை முடிவு வரும் அன்று காலையிலிருந்தே பாடுவாய். கவலையே இல்லாத ஜென்மம் என்று உன்னைப் பற்றி எல்லோரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னோடு சில நாள் கடலில் இருந்தவளுக்குத் தெரிந்தது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

மிளகை என்னிடம் விட்டுவிட்டுப் போன அன்று, என் வீட்டுப் படியில் நீ பாடிக்கொண்டே இறங்கினாய். கீழே வாசல் வரை கேட்டது. தெருவில் திரும்பும்வரை கேட்டது. அவள் என் இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் பாடிக்கொண்டு போகிறாளே என்றுதான், எட்டு வருடமாக உன்னை நான் மன்னிக்கவில்லை.

இப்போது அங்கே படகில் தனியாகப் படுத்துக்கொள்கிறாய். பாடுகிறாயா? எழுது.

அக்கா